தையற்காரர்களிடம் தோற்ற தேங்காய் அண்ணன்

பினாங்குத் தீவில் அன்றைக்கு இருந்த ஆண்பிள்ளைகளிலே மகா சோம்பேறி யார் என்று கேட்டால் தேங்காய் அண்ணன் என்பேன். மகா வேகக்காரர் யார் என்று கேட்டாலும் தேங்காய் அண்ணன் என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் முதலாவதற்குச் சத்தியம் செய்வார்கள். செவ்வாய்க்கிழமை பார்த்தவர்கள் இரண்டாவதற்கு. இரண்டு நாளும் விடாமல் பார்த்தவன் நான். அந்த வருஷம் என் வயிறு சரியாக இல்லாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். படகுத்துறை ஜெட்டியில் யாருக்கும் அது தெரியாது. கப்பலிலிருந்து தொங்கானில் ஏறிக் கரைக்கு வரும் தேங்காயை மேலே எறிவது அவர் வேலை. தொங்கான் என்பது தட்டையான சரக்குப் படகு. அதன் நடுவில் கால்களை அகட்டிக்கொண்டு நிற்பார். கைக்கு ஒன்றாக இரண்டு காய்களை எடுப்பார். தொட்டிலை ஆட்டுவதுபோல் கீழிருந்து ஒரு வீச்சு. காய் இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் பார்த்துக்கொண்டு போய், ஜெட்டியில் நிற்பவன் கையில் உட்காரும். அலை வற்றிய நேரத்தில் தொங்கான் பள்ளத்தில் கிடக்கும். ஜெட்டி இரண்டு ஆள் உயரத்தில் இருக்கும். அப்போதும் அதே வீச்சுதான். காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் வரை எறிந்துவிட்டு, "இன்னிக்குக் காய் கொஞ்சம் கம்மிதான்" என்று வருத்தப்படுவார்.

நான் அந்தக் காய்கள் போய்ச் சேரும் சரக்குக் கிட்டங்கியில் தராசுக்காரன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் மையைச் சிந்தாமல் நாலு வரி எழுதுவேன். மற்றபடி எதைப் பார்த்தாலும் கவலைப்படுவது என் சுபாவம். தராசு முள் ஆடினால் கவலை. ஆடாமல் நின்றால், ஏன் ஆடவில்லை என்று அதைவிடக் கவலை.

எங்கள் கிட்டங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சீன முதலாளியின் கிட்டங்கி. அங்கே கணக்கெழுதுகிற கிராணிமார் மாலையானால் முற்றத்தில் கூடைப்பந்து ஆடுவார்கள். பந்து தரையில் மோதுகிற சத்தமும் கூச்சலும்தான் எங்களுக்குக் கேட்கும். ஒரு நாள் அந்தப் பந்து சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழப் பார்த்தது. விழவில்லை. அந்த வழியாகப் போன தேங்காய் அண்ணன், இடது கையில் வெற்றிலையை வைத்துக்கொண்டே, வலது கையால் அதைப் பிடித்துவிட்டார்.

"யாருதுடா இது?" என்று மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் திருப்பி வீசினார்.

வீசியதும் அந்தப் பக்கக் கூச்சல் சட்டென்று நின்றுபோனது. யார் தலையிலோ விழுந்து ஆள் போய்விட்டான் என்றே நான் முடிவுகட்டினேன். போலீஸ் வந்தால் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகையும் பார்த்துவிட்டேன். அப்போது சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. அந்த ஆள் எதன்மேலும் ஏறி நிற்கவில்லை. அவன் உயரமே அவ்வளவு. நாங்கள் பிறகு விளக்குக் கம்பம் என்று பெயர் வைத்தது அவனுக்குத்தான்.

"யார் எறிஞ்சது?" என்று மலாயில் கேட்டான்.

"விழுந்தவனுக்கு ரொம்ப அடியா?" என்றேன் நான்.

"யார் மேலயும் விழல லா! கூடைக்குள்ள விழுந்திருக்கு!"

எங்கள் அணி பிறந்தது அப்படித்தான். பிறந்த குழந்தைக்குப் படுக்க இடம் வேண்டுமே! கிட்டங்கிக்குப் பின்னால் பாக்குக் காயப்போடும் சிமிட்டித் தரை ஒன்று இருந்தது. அதைக் கேட்டு எழுதும்படி என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். நான் எழுதியதை எடுத்துக்கொண்டு எங்கள் கிட்டங்கிப் பெரிய கிராணியிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைக் கஞ்சி மொடமொடப்பிலேயே பாதி ஆட்கள் பயந்துவிடுவார்கள். மீதிப் பாதியில் நான் ஒருவன். அவர் வாயைத் திறந்த பிறகு பயப்படுவேன்.

"என்ன ஐசே, பாக்குக் காயிற இடத்தில பந்து விளையாடப் போறியளோ?"

"பின்னேரத்துல மட்டும்தான், ஐயா."

"பாக்கை ஆர் அள்ளுறது?"

"நாங்களே அள்ளிருவோம், ஐயா."

அவர் என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினார். பிறகு அடியில் ஒரு வரி சேர்த்தார். இந்த வருஷம் ஊர்க் கூடைப்பந்துப் போட்டியில் கோப்பையை வென்றால் தரை எங்களுக்கு. தோற்றால் கம்பத்தைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி பாக்கு.

"விளங்குதோ? விளங்கினால் இதில கையெழுத்து வையும்."

அணியில் சேர்ந்திருந்த பதினைந்து பேருக்கும் சேர்த்து நான் ஒருவன் கையெழுத்து வைத்தேன். பயத்தில் என் பெயரே வேறொருவர் பெயர் மாதிரி விழுந்தது. அப்படியாவது தப்பிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மை.

நிபோங் என்கிற பனை மரத்தில் கம்பம் நட்டோம். பீப்பாய் வளையத்தைக் கூடையாக அடித்தோம். அதில் கிழிந்த மீன்வலையைக் கட்டினோம். எனக்குக் காரியதரிசிப் பட்டம் கொடுத்தார்கள். என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. பந்தை இராத்திரிக்குப் பூட்டி வைப்பது என் பொறுப்பு. ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் பந்தை என் பக்கமாகக் கடாசுவார்கள். நான் துள்ளி விலகுவேன். அது மூட்டைகளுக்கிடையே ஓடி ஒளிந்துகொள்ளும். தேங்காய் அண்ணன் மட்டும் முற்றம் முழுக்க நடந்து வந்து, இரண்டு கையாலும் என் கையில் வைத்துவிட்டுப் போவார். காரியதரிசிக்கு மரியாதை தெரிந்த ஒரே மனிதர் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

கைலியோடு ஆடக்கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டதால் அவருக்கு மாவு மூட்டைத் துணியில் ஒரு அரைக்கால்சட்டை தைத்தோம். தைத்தவன் அவசரத்தில் துணியைத் திருப்பிவிட்டான். மூட்டையில் அச்சடித்திருந்த யானை முத்திரை சரியாகப் பின்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் ஆட்டத்தின் போக்கை முன்னால் பார்த்துத் தெரிந்துகொள்வதை விட்டுவிட்டார்கள். யானை ஓடுகிறதா, அசைந்து நடக்கிறதா? அதுதான் கேள்வி.

முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட் ஸ்திரீட் தையற்காரர்களோடு. நாள் முழுக்கக் குனிந்து தைத்து, நிமிரவே மறந்துபோன ஐந்து பேர். தேங்காய் அண்ணனைத் தடுக்க நின்றவர் பட்டன் துளை தைக்கிற ஒரு பெரியவர். யானை அசைந்து நடந்தது. அசைந்தாலும் பரவாயில்லை, நடுவில் நின்று பேச ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, மூட்டு வலி தேவலையா?"

"எங்க தேவலை! குளிருன்னா போதும், புடிச்சிக்கிடுது."

"நல்லெண்ணெயில பூண்டு போட்டுக் காய்ச்சுங்க. பந்து இந்தாங்க, உங்களுது."

எங்கள் பந்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்! பெரியவர் அதை வாங்கி எறிந்தார். அவர் வாழ்நாளில் கூடைக்குள் விழுந்த முதல் பந்து அதுதான் என்று கேள்வி. இரண்டு புள்ளியில் தோற்றோம்.

மறுநாளைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கப்பலின் மாலுமிகள் பொழுது போகாமல் எங்களோடு ஆட வந்தார்கள். ஒவ்வொருவனும் வாசற்கதவு மாதிரி இருந்தான். கையைத் தட்டிக்கொண்டு, "கமான்! கமான்!" என்று கத்தினார்கள். நான் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர்மலை முருகனுக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன். கண்ணைத் திறப்பதற்குள் நாங்கள் ஆறு புள்ளி. யானை ஓடவில்லை, பறந்தது. மாலுமிகளின் கைக்கு அடியில் நுழைந்தது, முதுகைச் சுற்றியது, கீழிருந்து வீசிய வீச்சில் பந்து மேகத்தைப் பார்த்துவிட்டு வலைக்குள் இறங்கியது. கடைசியில் மாலுமிகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கப்பலுக்கே கொண்டுபோய்விடுவார்களோ என்று நான் ஜெட்டி வரைக்கும் கூடவே ஓடினேன்.

பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஐசே, தையல்காரரிட்டத் தோத்துப் போட்டு வெள்ளைக்காரரை வெண்டிருக்கிறியள். உங்களை நான் என்னெண்டு நம்புறது?"

எனக்கும் அதே சந்தேகம்தான். கோப்பிக் கடையில் இதைப் பற்றி ஒரு பார்லிமெண்டே நடந்தது. பெரிய ஆட்டக்காரன் எளியவனிடம் சக்தியை விரயமாக்க மாட்டான், வலியவனுக்காகச் சேர்த்து வைப்பான் என்றது ஒரு கட்சி. இல்லை, இந்த ஆளுக்கு ரோஷம் கிடையாது, பயம்தான் உண்டு, எதிரி பெரியவனாக இருந்தால் பயத்தில் ஓடுகிறார் என்றது மறு கட்சி. அடுத்த வாரம் விளக்குக் கம்பத்தின் அணியோடு ஆட்டம். அவன் வந்து நின்றதுமே மார்பைத் தட்டி, "மாரி லா, தேங்காய்! மாரி!" என்று கூப்பிட்டான். மலாயில் மாரி என்றால் வா என்று அர்த்தம். அன்றைக்கும் யானை பறந்தது. பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். வலியவனுக்குச் சேர்த்துவைக்கிற கட்சி மேசையைத் தட்டியது. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அந்தப் போட்டியில் ஒவ்வொரு அணியையும் இரண்டு முறை சந்திக்க வேண்டும். தையற்காரர்கள் மறுபடியும் வருவார்கள். எளியவனை வலியவனாகக் காட்டிவிட்டால்?

"அண்ணே, இன்னிக்கு ஜாக்கிரதையா ஆடணும். தையல்காரங்க சிங்கப்பூர்லேருந்து ஒரு ஆளை எறக்கியிருக்காங்க. பெரிய சாம்பியனாம். அதோ, அந்த ஒல்லி."

தேங்காய் அண்ணன் மரியாதையாகப் போய் அந்த ஒல்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். திரும்பி வந்தார்.

"தம்பி, அந்தப் புள்ள காஜா எடுக்கிற புள்ள. விரல்ல ஊசி குத்தின தழும்பு இருக்கு. பாவம், சிங்கப்பூரைப் படத்துலகூடப் பாத்திருக்காது."

விடுவேனா? இடைவேளையில் அந்த ஒல்லியைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணனைக் கொஞ்சம் வைது கோபமூட்டச் சொன்னேன். எதிராளியிடம் இப்படிக் கெஞ்சிய காரியதரிசி உலகத்திலே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவன் ரொம்ப நேரம் யோசித்து, பக்கத்தில் போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் குண்டுண்ணே."

"ஆமா தம்பி. எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்தான். உனக்கு ஆயிருச்சா?"

அதற்குப் பிறகு இருவரும் அவன் கல்யாணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற நான்கு பேரும் உயிரைக் கொடுத்து ஆடி ஒரு புள்ளியில் கரையேற்றினார்கள். நான் முருகனுக்கு இன்னும் சில தேங்காய்கள் நேர்ந்துகொண்டேன். எல்லாவற்றையும் உடைப்பதென்றால் ஒரு தொங்கான் வேண்டும்.

எப்படியோ தத்தித் தத்திக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே விளக்குக் கம்பத்தின் அணி. ஊரே எங்களுக்குத்தான் கோப்பை என்றது. வலியவன் எதிரே நின்றால் தேங்காய் அண்ணன் விடுவாரா? எனக்கே அன்று காலையில் பசியெடுத்துச் சாப்பிட்டேன். அப்படியொரு நிம்மதி எனக்கு வந்தபோதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆட்டம் ஒரு சீனப் பள்ளிக்கூட மைதானத்தில். மாலை வெயில். சுற்றிலும் தலைகள். விளக்குக் கம்பம் வந்தான். ஆனால் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான். முந்தின நாள் ஏணியிலிருந்து சறுக்கிக் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பெஞ்சியில் உட்காரவைத்தார்கள். அவனுக்குப் பதிலாக இறங்கியவரைப் பார்த்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அந்தக் கிட்டங்கியில் மணிச்சட்டம் தட்டிக் கூட்டல் போடுகிறவர். குள்ளமான மனிதர். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். பந்து பக்கத்தில் வந்தால் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார், சரியாக இருக்கிறதா என்பதுபோல்.

"போச்சு," என்றேன்.

"என்ன போச்சு?" என்றான் பக்கத்தில் இருந்தவன். "அவங்க சாம்பியனே எறங்கல, நம்ம பாடு ஜாலிதானே!"

"அதான் போச்சுங்கிறேன்!"

யானை அசைய ஆரம்பித்தது. மணிச்சட்டக்காரர் வழியில் நின்றால் அண்ணன் சுற்றிக்கொண்டு போனார். மணிச்சட்டக்காரர் தடுமாறினால் தாங்கிப் பிடித்தார். ஒரு முறை கண்ணாடி கீழே விழுந்தது. அண்ணன் ஆட்டத்தை விட்டுவிட்டு அதை எடுத்து, பனியனில் துடைத்து, தானே அவர் மூக்கில் மாட்டிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மணிச்சட்டக்காரர் காது இரண்டும் சிவந்துபோனதை நான் பார்த்தேன். இடைவேளையில் அவர்கள் பதினாலு, நாங்கள் ஐந்து. பெரிய கிராணி தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார். அவர் கண்ணில் பாக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சிமிட்டித் தரையில் மாலை ஐந்தரைக்குப் பந்துச் சத்தம் கேட்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

"ஏன் தம்பி, நல்லாத்தானே போவுது."

"ஒம்பது பாயிண்டு கீழ கெடக்குறோம்! பலத்தை யாருக்காக அண்ணே சேத்து வைக்கிறீங்க? இதுதான் கடைசி ஆட்டம்! இனிமே யார் வரப்போறா?"

"சேத்து வைக்கிறதா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "பலத்தை யாராவது சேத்து வைப்பாங்களா? ராத்திரி சோறு தின்னா மறுபடி வந்திருதே."

"பின்னே ஏன் ஆட மாட்டேங்கிறீங்க?"

"அந்த மனுசன் கூப்பிடலயே, தம்பி."

எனக்கு விளங்கவில்லை. அவர் உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"தொங்கான்ல பாத்ததில்லையா நீங்க? மேல புது ஆளு வந்து நின்னா மொதல்ல மெள்ளத்தான் எறியணும். அவன் கை எப்படின்னு நமக்குத் தெரியாது. வேகமா எறிஞ்சு அவன் நெஞ்சுல பட்டா அது எறிஞ்சவன் குத்தம். அவனா கையை நீட்டி, மாரின்னு கூப்பிடணும். கூப்பிட்டுட்டான்னா அப்புறம் மெள்ள எறியக் கூடாது. அது அவனைக் கேவலப்படுத்துற மாதிரி. தமிழன், மலாய்க்காரன், சீனன், எல்லாருக்கும் ஜெட்டியில இது ஒண்ணுதான் சட்டம். நெட்டைத் தம்பி வந்ததுமே கூப்பிட்டுச்சு. வெள்ளைக்காரனும் அவன் பாஷையில கூப்பிட்டான். இந்த மனுசன் கூப்பிடல. தையல்கார அண்ணனும் கூப்பிடல. கூப்பிடாத ஆளு மேல நான் எப்படி எறிவேன்?"

வருஷம் முழுக்கக் கோப்பிக் கடையில் மேசையைத் தட்டிய இரண்டு கட்சிகளும் என் கண்முன்னே இடிந்து விழுந்தன. தராசு வைத்திருந்தவன் நான். பத்தடி தூரத்தில் தினமும் அந்தக் கூப்பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். என் காதில் அது ஏறவே இல்லை.

அடுத்து நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை. மைதானத்தைக் குறுக்கே கடந்து எதிரிகளின் பெஞ்சிக்கு நடந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் மணிச்சட்டக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஆளுக்கு என் மேலே என்ன கோபம்? ஏன் இத்தனை பேர் முன்னால் என்னைக் குழந்தையாக்குகிறார்?"

"கோபம் இல்லை, தௌக்கே." சீன முதலாளிமாரைக் கூப்பிடுகிற வார்த்தை அது. "மரியாதை."

"எனக்கு அந்த மரியாதை வேண்டாம்."

"வேண்டாமென்றால் மாரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். போதும்."

"சொல்லாதே லா!" என்று பெஞ்சியிலிருந்து விளக்குக் கம்பம் கத்தினான். "ஜெயிச்சுக்கிட்டிருக்கோம்! சொன்னா செத்தோம்!"

மணிச்சட்டக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். ஜெயிக்கிற அணியில் இருக்கிறவர் எதற்குச் சொல்லப்போகிறார்? நான் திரும்பி நடந்த தூரம், வந்த தூரத்தைப் போல் நாலு மடங்கு.

இரண்டாம் பாதி தொடங்கியது. மறுபடியும் யானை அசைந்தது. பதினாறு, ஏழு. மணிச்சட்டக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்துக் கால் இடறினார். அண்ணன் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, பந்தையும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

"புள்ளைக்குச் சோறும் ஊட்டிவிடு!" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். மைதானமே குலுங்கியது.

மணிச்சட்டக்காரர் நின்றார். பந்தைத் தரையில் வைத்தார். காதிலிருந்த நூலை அவிழ்த்து, கண்ணாடியைக் கழற்றி, நடுவர் கையில் கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தேங்காய் அண்ணனும் கம்பமும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். சரியான பக்கமாகத் திரும்பி, இரண்டு கையையும் விரித்து நீட்டினார். அந்தச் சின்ன உடம்புக்குள் அத்தனை பெரிய குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"மாரி!"

சிரிப்பு அடங்கிவிட்டது. தேங்காய் அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெத்துலா?" என்றார் மலாயில். நிஜமாகவா என்று அர்த்தம்.

"மாரி! மாரி!"

அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அலை வற்றின நாளில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. கால்சட்டையை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார். யானை புறப்பட்டுவிட்டது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் பந்தை நடுமைதானத்துக்குக் கொண்டுவந்து மேலே எறிவார்கள். எம்பித் தட்டுகிறவன் பக்கம் போகும். அண்ணன் எம்பினார், தட்டினார், ஓடினார், வீசினார். மறுபடி நடுமைதானம். மறுபடி எம்பினார். பதினாறு, ஒன்பது. பதினாறு, பதினொன்று. மணிச்சட்டக்காரர் விலகவே இல்லை. அண்ணன் தோள் இடித்து விழுந்தார், எழுந்தார், "மாரி!" என்றார். மறுபடி விழுந்தார். அண்ணன் தூக்கிவிடவில்லை. தூக்கிவிடாமல் காத்து நின்றார். இரண்டுக்கும் வித்தியாசம் அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு தடவை மணிச்சட்டக்காரர் குருட்டாம்போக்கில் வீசிய கை பந்தைச் சரியாகத் தட்டிப் பறித்துவிட்டது. பறித்தவர் அதைக் கூடை இருக்கும் என்று தான் நினைத்த பக்கம் எறிந்தார். விழுந்துவிட்டது! முதலில் கைதட்டியது யார் என்கிறீர்கள்? தேங்காய் அண்ணன்.

"சபாஷ் தௌக்கே! இது கை!"

"அண்ணே! அவங்க பாயிண்டுண்ணே அது!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

இருபது, பத்தொன்பது. நாங்கள்தான் பத்தொன்பது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விசிலை வாயில் வைத்தார். அண்ணன் பந்தோடு நின்றது எங்கள் கூடைக்கு அடியில். போட வேண்டிய கூடை மைதானத்தின் அந்தக் கோடியில். எதிரே மணிச்சட்டக்காரர் கையை விரித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "மாரி" என்றார். குரல் பாதிதான் வந்தது. அண்ணன் கால்களை அகட்டினார். தொட்டிலை ஆட்டுவதுபோல் ஒரு வீச்சு. இரண்டு ஆள் உயரத்து ஜெட்டிக்கு எறிகிற அதே வீச்சு. பந்து போகும்போதே விசில் ஊதிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முருகனுக்கு நேர்ந்துகொள்ள என்னிடம் தேங்காய் மிச்சமில்லை.

வலை சரக்கென்றது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு யார் யார்மேல் ஏறினார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. தேங்காய் அண்ணன் தோளில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆள் யாரோ என்று பார்த்தால் மணிச்சட்டக்காரர். தோற்றவரைத் தோளில் வைத்துக்கொண்டு ஜெயித்தவர் மைதானத்தைச் சுற்றி வந்தார். தோளில் இருந்தவர், "கண்ணாடி! என் கண்ணாடி!" என்று கத்திக்கொண்டே வந்தார். விளக்குக் கம்பம்கூட ஒற்றைக் காலில் குதித்தான். பெரிய கிராணி கூட்டத்துக்குள் எப்படியோ நுழைந்து என்னிடம் வந்தார். சட்டைக் கஞ்சியெல்லாம் போய்த் துவண்டிருந்தது.

"ஐசே, நாளைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வாரும். பாக்குக் காயப்போட வேற இடம் கேட்டு. பிழை இருந்தாலும் பரவாயில்லை."

மறுநாள் மாலை எங்கள் தரையில் வழக்கம்போல் ஆட்டம். எங்கள் தரை என்று எழுதும்போது இப்போதும் எனக்கு எழுத்துச் சற்றுப் பெரிதாக விழுகிறது. ஆட்டம் முடிந்தது. தேங்காய் அண்ணன் பந்தை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் முற்றத்தைக் கடந்து, என் கையில் வைப்பதற்காக நடந்து வந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரியதரிசிக்கு மரியாதை என்று நான் வருஷம் முழுக்கப் பெருமைப்பட்டது எதை என்று. மற்ற எல்லாருக்கும் எறிந்தவர், எனக்கு மட்டும் ஏன் நடந்தே வந்தார் என்று.

தராசை விட்டு எழுந்தேன். மூட்டைகளுக்கு முன்னால் போய் நின்றேன். பந்து விலாவில் பட்டால் எலும்பு முறியுமா, முறிந்தால் எத்தனை நாள் லீவு தருவார்கள் என்றெல்லாம் மனசு ஓடியது. கையை நீட்டினேன். குரல் எலிக் குரலாக வந்தது.

"மாரி."

அவர் பாதி முற்றத்தில் நின்றுவிட்டார். ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நெசமாவா, தம்பி?"

"மாரி, அண்ணே."

அந்தச் சிரிப்பு மறுபடியும் வந்தது. கால்களை அகட்டினார். எனக்காக ஒரு இம்மிகூடக் குறைக்கவில்லை. பந்து என் இரண்டு கைக்கும் நடுவில் நுழைந்து, நெஞ்சில் மோதி, என்னையும் தள்ளிக்கொண்டு பாக்கு மூட்டைகளுக்கு மேலே போய் விழுந்தது. வானம் தெரிந்தது. பிறகு அவர் முகம் தெரிந்தது.

"புடிக்கலியேண்ணே," என்றேன்.

"அதனால என்ன?" என்று என் சட்டையில் ஒட்டிய பாக்குத் தோலைத் தட்டிவிட்டார். "கூப்பிட்டீங்கல்ல."

மறுநாளும் கூப்பிட்டேன்.